பட்டியலில் இல்லாத குரல்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பஸ்ஸில் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது செலின் அக்காவின் மரண அறிவித்தலைக் கண்டேன். எங்கள் ஆட்கள் வழக்கமாகப் போடுகிற ஒழுங்குதான்: மன்னாரில் பிறந்து, ரொறன்ரோவிலும் பின்னர் ஒஷாவாவிலும் வசித்தவர், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, தாய், மாமி, அம்மம்மா. பிறந்த திகதியையும் இறந்த திகதியையும் முதலில் பார்ப்பது என் பழைய கெட்ட பழக்கம். பிறகுதான் படத்தைப் பார்த்தேன். பார்த்ததும், நம்பமாட்டீர்கள், உருக்கிய வெண்ணெய் மணந்தது.

சோளப்பொரிக்கு ஊற்றுகிற வெண்ணெய் அது. கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஒரேயொரு திரை கொண்ட பழைய தியேட்டரொன்றில் அக்காவும் நானும் துப்புரவு வேலை செய்தோம். கம்பளத்துக்கு வக்கியூம் பிடிப்பது அக்கா. கதிரைகளுக்கடியில் கோப்பை பொறுக்குவது நான். இப்போது அந்த இடத்தில் கொண்டோ அடுக்குமாடி நிற்கிறது.

ஞாயிறு பின்னேரங்களில் பழைய ஹொலிவூட் படம் போடுவார்கள். அவற்றில் நடித்தவர்கள், வேலை செய்தவர்களின் பெயர்கள் தொடக்கத்திலேயே ஓடி முடிந்துவிடும். அதற்காகவே நான் முந்திப் போவேன், அவற்றை எழுதிக்கொள்ள ஒரு கொப்பியோடு. ஏனென்று கேட்காதீர்கள், சிலர் முத்திரை சேர்க்கிறார்கள். ஒரு மாதம் நான்கு ஞாயிறும் ஒரே இசைப்படம் ஓடியது. முதல் கிழமை நடிகர்களை எழுதினேன்; அடுத்தடுத்த கிழமைகளில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, நடனம், ஒப்பனை. இருட்டில் எழுதியதால் தையற்காரியின் பெயர் இசையமைப்பாளரின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

நான்காவது ஞாயிறு, படம் முடிய இன்னும் பத்து நிமிடம். அக்கா கதவடியில் நின்று, கதாநாயகி பாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உவ பாடேல்லை."

"என்னக்கா, வாய் அசையுதுதானே?"

"வாய்தான் அசையுது. உவ மூச்செடுக்க முந்தியே பாட்டுத் தொடங்கீட்டுது, பாரும். இது மறைவில நிண்டு பாடுறவளின்ர மூச்சு. எனக்குத் தெரியாதே? ஊரில பெரிய கிழமை, யேசுவைச் சிலுவையில அறையிற பாஸ்கா நாடகத்தில மாதாவா நிண்டவள் வடிவான பெட்டை. குரல் தகரம். ஒப்பாரி முழுக்கத் திரைக்குப் பின்னால நிண்டு பாடினது நான். சனம் அவளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழும்."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். கொப்பியை விரித்தேன்.

"பாடினவர் எண்டு ஒருத்தரையும் போடேல்லை அக்கா. நாலு கிழமையா எழுதிறன். போடாட்டில் அப்பிடி ஒராள் இல்லை."

அக்கா கொப்பியைப் பார்த்தார்.

"என்ர பேரையும் ஒருத்தரும் போடேல்லைத்தான்," என்றுவிட்டு வக்கியூமைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதுவரைக்கும் அக்கா வேலை செய்தபடி பாடுவார். அந்த மெஷினின் இரைச்சலுக்குள் யாருக்கும் கேட்காது என்ற நினைப்பு. எனக்குக் கேட்கும். அன்றைக்குப் பிறகு மெஷின் மட்டும்தான் இரைந்தது. உடம்பு சரியில்லையாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அவ்வளவுதான் என் கெட்டித்தனம்.

இரண்டு வருடங்களின் பின், நூலகத்தில் அந்தப் படத்தை உருவாக்கியவர்களைப் பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்தது. நடுவில் ஒரு சிறிய பந்தி. கதாநாயகிக்காகப் பாடியது இன்னொரு பெண். பெயர் போடுவதில்லை என்று முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்களாம். நின்றபடியே மூன்று தரம் வாசித்தேன்.

அக்கா அதற்குள் ஒஷாவா போய்விட்டிருந்தார். போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். நேரிலும் இரண்டு தரம் கண்டேன். ஒரு கலியாண வீட்டில், "அக்கா, அந்தப் படம்..." என்று தொடங்கியும் விட்டேன். கட்லட் தட்டு வந்தது. ஸ்னோவைப் பற்றிக் கதைத்தோம்.

அறிவித்தலின் அடியில் மகனின் இலக்கம் இருந்தது. பஸ்ஸால் இறங்கி, தரிப்பிடத்தில் நின்றே எடுத்தேன். உங்கள் அம்மா நன்றாகப் பாடுவார், அதை இரங்கல் உரையில் ஒருவராவது சொல்லவேண்டும் என்றேன்.

"அம்மாவோ? ஷுவரா அங்கிள்? வேற ஆரையும் நினைக்கிறீங்களோ? வீட்டில ஒருநாளும் பாடினதில்லையே."

"பாடினவ, தம்பி. நான் கேட்டனான்."



"என்ன பாட்டு, அங்கிள்?"

எனக்குத் தெரியவில்லை. அவர் நன்றி சொல்லி, சனிக்கிழமை பத்து மணிக்கு அடக்கப் பூசை என்றுவிட்டு வைத்தார். அந்தக் குரலைக் கேட்டவர்களில் இந்த நகரத்தில் மிஞ்சியிருப்பது அநேகமாக நான் ஒருவன்தான். எனக்கும் அது நின்றுபோன நாள்தான் நினைவிருக்கிறது, பாட்டு நினைவில்லை.