ஈறோரத்து நீலக்கோடு

என் புருஷன் பகல் சோறு தின்றுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற மனிதர். லுஹர் தொழுதுவிட்டுப் பாயில் சரிந்தாரென்றால் அஸருக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் அந்த வாய் மூடாது. ஒரு நாள் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டக் குனிந்தபோதுதான் அந்தக் கோட்டைக் கண்டேன். கீழ்வரிசைப் பல்லும் ஈறும் சேருகிற இடத்தில், பேனையால் இழுத்த மாதிரி, கருநீலமாக ஓடியது. டோர்ச்சை எடுத்து வந்து அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் பட்டு எழும்பிவிட்டார்.

"என்ன புள்ள, மௌத்தாகிட்டனா எண்டு பாக்குறியா?"

"வாயத் திறங்க. என்னத்தப் போட்டீங்க வாய்க்குள்ள?"

ஒன்றும் போடவில்லை என்றார். நான் நம்பவில்லை. நான் சந்தேகக்காரி, அதை மறைத்து என்ன பயன். மகளின் நிக்காஹ் அன்றைக்கு வெற்றிலையை விட்டேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னவர் இவர். அன்றிலிருந்து நான் அவருடைய சேட்டைத் துவைக்க எடுக்கும்போதெல்லாம் முகர்ந்துதான் எடுப்பேன். வெற்றிலையும் இல்லை, கடையில் களவாக விற்கிற புகையிலைப் பைக்கெட்டும் இல்லை. அப்படியென்றால் இந்தக் கோடு எங்கேயிருந்து வந்தது? உப்பும் உமிக்கரியும் கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். ஈறு கிழிந்து இரத்தம் வந்ததுதான் மிச்சம், கோடு அப்படியே இருந்தது.

பாமசிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, சத்துக் குறைவு என்று விட்டமின் குளிசையும் பூசுவதற்கு ஊதா மருந்தும் தந்தார். பூசினேன். ஒரு கிழமைக்கு இவருடைய வாய் நாவற்பழம் தின்ற பிள்ளையின் வாய் மாதிரி இருந்தது. பள்ளிக்குப் போன இடத்தில் ஆட்கள் சிரித்திருக்கிறார்கள். ஊதா கழுவிப் போன பிறகு பார்த்தால் கோடு முன்னையைவிடத் தடிப்பாகத் தெரிந்தது.

அதோடு ஆளும் மாறத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார். நாலு நாளானாலும் வயிற்றால் போகாது. முகம் வெளுத்து, சாரம் இடுப்பில் நிற்காமல் போனது. எதைத் தின்றாலும் சல்லிக் காசை நக்கின மாதிரி இருக்கிறது என்பார். முப்பது வருஷம் என்னிடம் குரலை உயர்த்தாத மனிதர், தேத்தண்ணி ஆறிவிட்டது என்று கோப்பையைச் சுவரில் எறிந்தார்.

அப்போதுதான் போதைத் தூள் என்கிற நினைப்பு என் தலைக்குள் ஏறியது. யுத்தம் முடிந்து கடல் திறந்த காலம். கடலில் மீன் மட்டுமா வருகிறது என்று எங்கள் குறிஞ்சிப்பிட்டிப் பக்கமெல்லாம் ஒரே கதை. எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேரைப் பிடித்துப் போயிருந்தார்கள். மெலிவது, எரிந்து விழுவது, சாப்பாடு இறங்காதது, எல்லாம் சொல்லி வைத்த மாதிரிப் பொருந்தியது. இவரோ விடிந்தால் பொழுதுபட்டால் போட்காரர்களோடு இருக்கிற ஆள்.

இவருக்கு வலைத் தொழில். மீன்பிடித் தடை எடுபட்டதும் இங்கேயும் மன்னாரிலும் எல்லாருக்கும் புது வலை வேண்டியிருந்தது. எங்கள் வளவு முழுக்க வலைதான். வலை கடலில் தாழ்வதற்கு அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோர்க்க வேண்டும். முந்தலில் பழைய கார் பெற்றரி உடைக்கிற ஒருவரிடம் ஈயத்தை வாங்கி வருவார். உருக்கி அச்சில் ஊற்றுவது என் வேலை. ஆம்பிளைகளுக்கு அவ்வளவு பொறுமை வராது, என் கைக்குத்தான் குண்டு ஒரே அளவாக விழும் என்று எனக்குப் பெருமை. கோர்ப்பது அவர். ஒரு கைப்பிடி குண்டை அள்ளிக் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்து, கயிற்றில் வைத்து, பல்லால் கடித்து இறுக்குவார். இரண்டு கையும் வலையை விடாது. அந்த வேகத்தைப் பார்க்கவே ஆட்கள் வந்து நிற்பார்கள்.

அந்த வாயைத்தான் நான் சந்தேகப்பட்டேன். சேட்டுப் பொக்கற், வலைப்பை, அலுமாரிக்கு மேல், பாய்க்கு அடியில் என்று தேடாத இடம் இல்லை. ஒரு நாள் கறிவேப்பிலை வாங்கப் போகிற மாதிரி முக்காட்டை இழுத்துவிட்டு, கரையில் இருக்கிற வாடிக் குடிசை வரைக்கும் அவர் பின்னாலேயே போனேன். வாடிக்குள் எட்டிப் பார்த்தால் மனிதர் தனியாக மண்ணில் குந்தி, முழங்காலை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார்.

மறுநாளிலிருந்து என் கையால் சாப்பிடுவதை நிறுத்தினார்.

பசி இல்லை என்றார். ஆனால் நாலு வீடு தள்ளியிருக்கிற அவருடைய ராத்தா வீட்டில் பாணும் பருப்பும் தின்கிறார் என்று தெரியவந்தது. எனக்கு மதினி. நேரே போய்க் கேட்டேன்.

"நீ என்னத்தக் குடுத்த என்ட தம்பிக்கு?" என்று அவர் என்னைக் கேட்டார். "ஈறு கறுத்துப் போனா உள்ளுக்கு மருந்து இறங்கியிருக்கு எண்டு ஓதிப் பாக்குற லெப்பை சொல்லிட்டார். சோத்துல போட்டாத்தானாம் இப்படி வரும்."

புருஷனைப் பிடித்து வைக்கப் பெண்கள் சோற்றில் வைக்கிறார்கள் என்று சொல்லுகிற அந்த மருந்து! அதை நான் வைத்தேனாம். ஓதின தண்ணீர்ப் போத்தல் அங்கே மேசையில் இருந்தது, பக்கத்தில் இவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். இல்லை ராத்தா, இவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் அந்த வாயிலிருந்து வரவில்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு ஒரே வள்ளத்தில் வந்தவர்கள் நாங்கள். அன்றைக்குக் கையிலிருந்த ஒரு பாணை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை எனக்குத் தந்தவர் இவர்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க," என்றேன். "தூள் எண்டு டொக்டர் சொன்னா நான் மன்னாருக்கு மகள்ட போயிடுவன், திரும்பி வர மாட்டன். நான் மருந்து வெச்சது எண்டு சொன்னா நீங்களே என்ன அனுப்பி விடுங்க."

"சரி," என்றார். அந்தச் சரியைக் கேட்டு இன்னும் கோபம் வந்தது.

பஸ்ஸில் அவர் முன் சீற்றில், நான் பின் சீற்றில். பல் கிளினிக்கில் இருந்தவர் இளவயதுச் சிங்களப் பெண் டொக்டர். என் சிங்களம் சந்தைச் சிங்களம்தான், ஆனாலும் குறை சொல்லப் போதும். இவர் தூள் பாவிக்கிறார், கேளுங்கள் என்று நான் முந்திக்கொண்டேன். இவள் எனக்குச் சாப்பாட்டில் என்னவோ கலக்கிறாள் என்று அவரும் சொல்லிவிட்டார். டொக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பஞ்சால் ஈறைத் துடைத்தார். கோடு போகவில்லை. வெள்ளைக் கடதாசியில் மெல்லிய துண்டு வெட்டி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகி, லைற்றைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"பல்லில் ஒட்டின ஊத்தை இல்லை. ஈறின் சதைக்குள்ளேயே இருக்கிறது. என்ன தொழில் செய்கிறீர்கள்?"

வலை என்றார் இவர். ஈயத்தை வாயில் வைப்பீர்களா என்று டொக்டர் கேட்டதும், ஏதோ கெட்டித்தனத்தைக் கேட்டுவிட்ட மாதிரி கன்னத்தை உப்பி, நாக்கைத் தள்ளி, பல்லைக் கடித்துச் செய்து காட்டினார். டொக்டரின் முகம் மாறியது.

"ஈயத்தை உருக்குவது யார்?"

"நான்," என்றேன்.

"எங்கே?"

"குசினியில. தாச்சிச் சட்டியில."

"அந்தத் தாச்சி அதற்கு மட்டும்தானே?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோன்பு மாசம் நல்ல தாச்சி அடியில் வெடித்துப்போனது. புதிது வாங்கச் சோம்பல்பட்டு, ஈயம் உருக்குகிற தாச்சியை மணலும் சாம்பலும் போட்டு மூன்று தரம் தேய்த்து, நோன்பு திறக்கப் பொரித்தது அதில்தான். பிறகும் அதையே பாவித்தேன். காலையில் ஈயம், பகலைக்கு மீன். எனக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது.

எல்லாவற்றையும் டொக்டரிடம் சொன்னேன். இவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி நினைத்த மருந்தை நான் வைக்கவில்லை. ஆனால் சோற்றில் போட்டது நான்தானே?

டொக்டர் ஏசவில்லை, ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கடித்ததாலும் ஈயம் உள்ளே போயிருக்கும், புகையாலும் போயிருக்கும், சட்டியாலும் போயிருக்கும், எது எவ்வளவு என்று பிரிக்க ஏலாது என்றார். உள்ளே போன ஈயம் இரத்தத்தில் ஓடுமாம். பல் இடுக்கில் ஊத்தை பிடித்திருந்தால் ஈறோரத்தில் வந்து இப்படிக் கோடாகத் தெரியுமாம். வயிற்றுக் குத்து, கோபம், வெளுப்பு எல்லாம் அதன் வேலைதானாம். பூசுவதாலோ தேய்ப்பதாலோ கோடு போகாது, ஈயத்தை நிறுத்தி, உள்ளே இருப்பதை வெளியே எடுக்க மருந்து கொடுத்தால் மெல்ல மெல்ல மங்கும் என்றார். என் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். என்னுடையதில் கொஞ்சம், இவருடையதில் ஆபத்தான அளவு. இவரை வாட்டில் மறித்து வைத்துக்கொண்டார்கள்.

ஊசி மருந்து ஏற்றத் தொடங்கி மூன்றாம் நாள், கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். மதினி கட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவர் கொண்டுவந்த பாண் பிரிக்காமல் கிடந்தது. நான் மூடியைத் திறந்ததும் இவர் கஞ்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்தச் சட்டியில காய்ச்சின?"

ஒரு மாசத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் கஞ்சியை நிலத்தில் ஊற்றிவிட்டு வந்திருப்பேன். இப்போது கேட்கக் கூடாத கேள்வி என்று சொல்ல எனக்கு வாய் ஏது?

"புதுச் சட்டி. மண் சட்டி. நேத்துத்தான் வாங்கின."

"முதல்ல நீ குடி," என்றார்.

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நின்றபடியே நாலைந்து கரண்டி குடித்தேன். கஞ்சி தொண்டையில் இறங்கும் வரைக்கும் இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாத்திரத்தை வாங்கி, மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அந்தக் கோடு மறைந்து வருஷங்களாகிவிட்டன. இப்போதும் என் கையால்தான் சாப்பிடுகிறார். அன்றைக்கு நான் விடியலிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்று தெரிந்துதான் முதலில் என்னைக் குடிக்கச் சொன்னாரா, இல்லை என்னை நம்பாமலா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார், எனக்கு அதுதான் பயம்.