நாலாவது ஆள்

ஓட்டப்பந்தயத்தின் நடுவே நின்று, குனிந்து, ஷூ கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுக் கைகூப்பிய முட்டாள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இன்னொருவர் இருந்தால் தெரியப்படுத்தவும், சங்கம் ஆரம்பித்துவிடலாம்.

அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கிராஸ் கன்ட்ரி அணியில் நான் ஆறாவது ஆள். ஆறு பேர் ஓடலாம். அதில் முதலில் வந்து சேரும் நான்கு பேரின் இடங்களை மட்டும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்தக் கல்லூரிக்குக் குறைவோ, கோப்பை அதற்கு. ஆக, ஆறாவது ஆள் என்பவன் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. போட்டோவில் இருப்பான், தாலி கட்டமாட்டான். பயிற்சி முடிந்து கொடுக்கும் அவித்த முட்டைக்காகத்தான் நான் அணியில் சேர்ந்தேன் என்று எங்கள் கேப்டன் சொல்லுவார். அது பொய். வாழைப்பழமும் கொடுத்தார்கள்.

கேப்டனுக்கு அது கடைசி வருஷம். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் தனி ஆளாக அவர்தான் முதலில் வந்தார். இரண்டு வருஷமும் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் சொதப்பி, கோப்பை ஒரு சென்னைக் கல்லூரிக்குப் போனது. “மெடல் வூட்ல தொங்குது, யாருக்கு வோணும்? கப்பு காலேஜுக்கு வரணும்” என்பார். வேறு எதையும் அவர் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை.

அந்த வருஷம் போட்டி எங்கள் ஊரிலேயே நடந்தது. ஓரிக்கைப் பக்கம் வயல் பாதை, ஒரு தெரு, பாலாற்று மணல், பிறகு திரும்பி மைதானம். அன்று காலை எங்களில் ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். கேப்டன் என்னிடம் வந்தார்.

“அஞ்சு பேருதான் இருக்கோம். ஒழுங்கா ஓடு.”

“நான் எப்பவும் ஒழுங்காத்தான்ணா ஓடுறேன். மெதுவா ஓடுறேன், அது வேற.”

அவர் சிரிக்கவில்லை.

தெருவுக்குள் நான் நுழையும்போது முன்னால் ஓடியவர்கள் கடந்து போயிருந்தார்கள். எனக்குச் சற்று முன்னால் பச்சை பனியன் போட்ட அந்தச் சென்னைக் கல்லூரிக்காரன் ஒருவன். அப்போதுதான் எதிரே பெருமாள் புறப்பாடு வந்தது. நாதஸ்வரம், குடை, எல்லாம். இந்த ஊரில் பிறந்தவன் காலுக்குத் தனி மூளை உண்டு. மேளம் கேட்டுக் குடை தெரிந்தால் போதும், தலைக்குச் சேதி போவதற்குள் செருப்பைக் கழற்றிவிடும். பச்சை பனியன் ஓரமாக நெளிந்து ஓடிவிட்டான். நான் நின்றேன். மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் இடம் இன்னும் தூரத்தில் இருந்தது. எனக்கு அங்கேயே தீர்த்தம் கிடைத்தது. தலையைத் தாழ்த்தினேன், சடாரியும் வைத்தார்கள்.

குடை பிடித்திருந்தவர் என் நெஞ்சில் குத்தியிருந்த நம்பரைப் பார்த்தார். “ஏம்பா, ரேஸ்ல ஓடிக்கினு இருக்கிறியா, சாமி பாக்க வந்தியா?”

“ரெண்டும்தான்ணா.”

“அந்தப் பச்ச பனியன் போய்க்கினே இருக்குது பாரு. ஷூவ நான் பாத்துக்கறேன், நீ கெளம்பு.”

வெறுங்காலோடு ஓடினேன். தெருக்கோடி மதகின்மேல் எங்கள் நாலாவது ஆள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“கால் புடிச்சிக்கிச்சுடா. இப்ப நீதான் நாலாவது.”

“வெளாடாத.”

“வெளாடுற மூஞ்சியாடா இது? ஓடு.”

கேப்டனின் இரண்டு வருஷமும் இந்த ஒரு வருஷமும், அவித்த முட்டைக்காக வந்த ஒருவன் காலில் வந்து நின்றிருந்தன.

பாலாற்றில் அப்போது தண்ணீர் இல்லை, மணல்தான். கேப்டன் எங்களை வாரத்தில் பாதி நாள் அந்த மணலில்தான் வெறுங்காலோடு ஓடவிடுவார். நான் அவரைத் திட்டிக்கொண்டே ஓடுவேன். பச்சை பனியனின் விலை உயர்ந்த ஷூ ஒவ்வொரு அடிக்கும் மணலை அள்ளிக்கொண்டு புதைந்தது. என் கால் புதையவில்லை. அதுவரை நான் பந்தயத்தில் மனிதர்களின் முதுகை மட்டுமே பார்த்தவன். பக்கத்தில் போனபோது முதன்முறையாக ஒரு முகத்தைப் பார்த்தேன். பாவம், என்னைவிட மோசமாக இருந்தது. கரை ஏறுவதற்குள் அவனைத் தாண்டிவிட்டேன்.

கேப்டன் முதலில் வந்துவிட்டு எல்லைக் கயிற்றோரம் நின்றிருந்தார். அவர் தேடியது என்னையல்ல.

“அவன் எங்கடா?”

“கால் புடிச்சிக்கிச்சுண்ணா. நான்தான் நாலாவது.”

என் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். எங்கள் பி.டி. சார் விரல் மடக்கிக் கூட்டிக் கூட்டி, நம்பாமல் மறுபடியும் கூட்டிக்கொண்டிருந்தார். மைக்கில் எங்கள் கல்லூரி பெயரைச் சொன்னபோது அவர் விரல்கள் மடங்கியபடியே நின்றன. ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்திருந்தோம். அவர்களுடைய நாலாவது ஆள் பச்சை பனியன்தான்; அவன் எனக்கு முன்னால் வந்திருந்தால் அந்த ஒரு புள்ளி அவர்களுடையது.

கேப்டன் கோப்பையை வாங்கியதும் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தார். விலை பார்க்கிறாரோ என்று நினைத்தேன். கண்ணைத் துடைக்க மறைப்பு தேடியிருக்கிறார். எனக்கோ மறைப்பெல்லாம் தேவைப்படவில்லை; மைதானமே பார்க்க அழுதேன். அந்த அழுகையைப்போல ஒரு பெருமை எனக்கு அதற்கப்புறம் வாய்க்கவில்லை.

சாயங்காலம் அவர் பைக்கின் பின்னால் கோப்பையோடு உட்கார்ந்து காந்தி ரோடு வழியாக வந்தேன். பட்டுக்கடை வாசல்களில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வாய் நிற்கவில்லை.

“அண்ணா, வூட்ல போய்ச் சொல்லணும். நான் எப்படி ஓடினேன்னு ஒரு வார்த்த நல்லதா சொல்லுங்கண்ணா.”

“கப்ப ரெண்டு கையால புடிடா.”