பந்து கையில பட்டுச்சுன்னு சொன்ன மக

இன்னைக்கு புளியங்குடியில என் மக ஜெனியோட ஸ்கூல் டீமுக்கு ஃபைனல். ஒன்பதாம் வகுப்பு படிக்கா. நடக்கப் பழகுன நாள்ல இருந்து அவளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

கடைசி நிமிஷத்துல கோல் போட்டா. நான் துண்டைச் சுத்தி ஆடிட்டு இருக்கேன், அவ நேரா ரெஃப்ரிகிட்ட போயி, "சார், பந்து என் கையில பட்டுச்சு"ன்னுட்டா.

அவரு அதப் பாக்கவே இல்ல. கோல் கேன்சல். பெனால்டியில தோத்துட்டோம்.

சங்கரன்கோவில் பஸ்ல உக்காந்ததும் கேட்டுட்டேன். "ஏட்டி, அவரே பாக்கல. நீ எதுக்கு வாயத் தொறந்த?"

"நீங்கதானப்பா சொல்லிக்கொடுத்தீங்க, கையில பட்டா நாமளே சொல்லணும்னு."

தோத்தப்பகூட அழாதவ, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதா.

பஸ் ஸ்டாண்டுல இறங்கும்போது கண்ணைத் தொடச்சிட்டு மெதுவா கேட்டா. "அடுத்த மேட்ச்ல நான் சொல்லணுமாப்பா, சொல்லக்கூடாதா?"

"சொல்லணும் மக்கா."

தலையாட்டுனா. ஆனா என்னை நம்புன மாதிரி தெரியல.

இப்ப கதவைச் சாத்திட்டு உள்ள இருக்கா. நான் வெளிய உக்காந்து இத எழுதுதேன். பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்ட அப்பாமாரு யாராச்சும் இருந்தா, எப்படி ஆரம்பிச்சீங்கன்னு சொல்லுங்க. இதுல எனக்குத்தான் கோச்சிங் வேணும்.