பிள்ளை கரைக்கு வரட்டும்

பெனடிக்ற் இறந்துபோனபோது அவருடைய ஒரே மகள் மொனிகா பசிபிக் கடலின் நடுவில் இருந்தாள். பனாமாவில் புறப்பட்ட பாய்மரக் கப்பல் ஹவாய்த் தீவுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கரை காண இன்னும் ஒரு கிழமைக்கு மேல் ஓட வேண்டும்.

அவர் விழுந்தது இத்தாலியின் பலேர்மோ நகரில், லிபெர்த்தாப் பகுதியின் ஒரு பழைய மாடிக்கட்டடத்தில். படிக்கட்டுகளைக் கழுவித் துடைப்பது அங்கே அவர் வேலை. மேல்மாடியிலிருந்து துடைத்துக்கொண்டு இறங்கியவர் பாதிவழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாளி உருண்டுவந்த சத்தம் கேட்டுத்தான் வாசற் காவலாளி மேலே ஓடினான். அதே தெருவில் இரண்டு கட்டடம் தள்ளி, அவருடைய மனைவி விமலராணி தான் பராமரிக்கும் வயதான சிஞ்ஞோரா மரீசாவுக்குத் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக்கையோடு அவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவரை அம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் வந்து, மெல்லிய குரலில், நீளமாக என்னவோ சொன்னான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அதில் ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை.

அன்று பின்னேரமே பிரான்காச்சோவில் உள்ள அவர்களுடைய வீட்டில் சனம் கூடிவிட்டது. கோயில் பங்கிலிருந்து தமிழ்ச் சுவாமி வந்தார். பக்கத்துக் கட்டடத்துக் கத்தரீனா வந்து அடுப்படியைப் பொறுப்பெடுத்தாள். எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: பிள்ளைக்குச் சொல்லியாச்சோ?

"கப்பல் கந்தோருக்கு நான் அடிச்சுச் சொல்லுறன் ராணி அக்கா," என்றாள் கத்தரீனா. "அவை கப்டனுக்கு அறிவிப்பினம். அவர் பக்குவமாச் சொல்லுவார்."

"வேண்டாம்."

"தகப்பன் செத்ததைப் பிள்ளைக்கு மறைக்கலாமோ?"

"நடுக்கடலிலை அவள் என்ன செய்வாள் கத்தரீனா? சுத்திவரத் தண்ணி. கட்டிப்பிடிச்சு அழ ஒரு ஆள் இல்லை. கரைக்கு வரட்டும். ஹவாயிலை இறங்கினவுடனை நானே சொல்லுறன். அங்கையிருந்து பிளேன் எடுத்து வந்திடுவாள். அவள் வந்து முகம் பார்த்த பிறகுதான் அடக்கம்."

அடக்கம் செய்யும் கடைக்காரரிடம் சுவாமியே போய்ப் பேசி, பெனடிக்ற்றின் உடலைக் குளிரறையில் வைத்திருக்க ஒழுங்குசெய்தார். பயணத்துக்கு டிக்கெற் பார்க்கும் வேலையைக் கத்தரீனாவின் புருஷன் எடுத்துக்கொண்டான்.

விமலராணி மன்னாரில் பேசாலைக்காரி. கல்யாணமாகி, புருஷனுக்குப் பின்னால் இந்த நகரத்துக்கு வந்தவள். அன்றிலிருந்து மற்றவர்களுடைய வயதான தாய்மாரைத் தூக்கி, குளிப்பாட்டி, தீத்தி, கடைசியில் அவர்களுக்குக் கண்மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதான் அவள் சீவியம். மொனிகா பிறந்தது பலேர்மோவில். தெருப் பிள்ளைகளோடு சிசிலிக்காரி மாதிரியே கத்திச் சண்டைபிடிப்பாள். வீட்டுக்குள் வந்தால் தமிழ். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே துறைமுகப் பைத்தியம். ஞாயிறு பூசை முடிந்ததும் தகப்பனும் மகளும் நாப்போலிக்குப் போகும் கப்பல் வந்து நிற்கும் பக்கமாகப் போய் நின்றுவிடுவார்கள். பிறகு கடல் படிப்புப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கிருந்து, வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று நடத்தும் பயிற்சிக் கப்பலில் உலகத்தைச் சுற்றிவரும் ஒரு வருடப் படிப்புக்குத் தெரிவானாள். படிக்கிற பிள்ளைகளேதான் பாய் இழுக்க வேண்டும், தளம் கழுவ வேண்டும், இரவுக் காவல் நிற்க வேண்டும். பிரான்காச்சோவிலிருந்து அப்படிப் போன முதல் பிள்ளை அவள்தான் என்று பங்கில் கைதட்டினார்கள்.

ஆனால் அவளுடைய பாஸ்போட் இலங்கைப் பாஸ்போட். இங்கே பிறந்து இடைவிடாமல் இங்கேயே வளர்ந்த பிள்ளை பதினெட்டு வயதில் இத்தாலிக் குடியுரிமை கேட்கலாம். மொனிகாவுக்கு அந்த இடைவிடாமல் என்ற சொல் பொருந்தவில்லை. அவள் குழந்தையாக இருந்தபோது விமலராணியின் தாய் படுத்த படுக்கையாகி, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு விமலராணி மன்னாருக்குப் போனாள். ஒரு மாதத்துக்கென்று போனவள் ஒரு வருடத்துக்கு மேல் நின்றுவிட்டாள். அந்த இடைவெளியில் பிள்ளையின் பலேர்மோ வதிவிடப் பதிவை வெட்டிவிட்டார்கள். பதினெட்டு வயதில் நகரசபைக் கந்தோரில் அதைச் சொன்னபோது மொனிகா தாயைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை விமலராணி மறந்ததேயில்லை. பெனடிக்ற் மட்டும் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

ஜெனோவாவில்தான் பயிற்சிக் கப்பல் நின்றது. அங்கே போக மொனிகா பலேர்மோத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய அன்று, தாயைக் கொஞ்சிவிட்டு, தகப்பனைத் தனியே கூட்டிப்போய் ஏதோ கதைத்தாள். அவர் தலையைத் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து கேட்டபோது, "சும்மா, தகப்பனுக்கும் மகளுக்கும் ஆயிரம் இருக்கும்," என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

கப்பலிலிருந்து இடைக்கிடை சின்னச் செய்தி அனுப்பலாம். மொனிகா தகப்பனுடைய போனுக்குத்தான் அனுப்புவாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அவருடைய சப்பாத்தோடும் மணிக்கூட்டோடும் அந்த போனும் இருந்தது. மூன்றாம் நாள் அது துடித்தது.

"அப்பா, எப்பிடி இருக்கிறீங்கள்? இண்டைக்குக் கப்பலுக்குப் பக்கத்திலை டொல்பின் கூட்டம் வந்தது. நீங்கள் பாத்திருக்கோணும்."

மறுமொழி போடாவிட்டால் பிள்ளை பயந்துவிடும். விமலராணி அடுப்படிக் கதிரையில் இருந்து நெடுநேரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் எழுதுவதுபோலவே எழுதினாள். "நல்லா இருக்கிறன் ராசாத்தி. வடிவாச் சாப்பிடு."

அனுப்பி முடித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கழுவியிருந்த பாத்திரங்களை எடுத்து இன்னொரு தரம் கழுவினாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தது. "அப்பா, ஹவாய் விஷயம் அம்மாட்டைச் சொல்லீட்டீங்களோ?"

இதுதான் துறைமுகத்தில் தனியே பேசியதாக்கும் என்று அவளுக்குப் பட்டது. யாரோ பெடியன் விஷயமாயிருக்கும். கூடப் படிக்கிறவனாக்கும், ஹவாயில் இறங்கி இரண்டு பேருமாக ஊர்சுற்றப் போகிறார்களாக்கும். இருக்கட்டும். எவனாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த நேரத்தில் பிள்ளைக்குத் துணைக்கு ஒருத்தன் இருந்தால் நல்லதுதானே.

"ஓம், சொல்லீட்டன்," என்று எழுதினாள்.

"அழுதவவோ?"

"இல்லை."

"அப்பாடா," என்று வந்தது, ஒரு சிவப்பு இருதயத்தோடு.

கப்பல் ஹொனலூலுத் துறைக்கு வந்த அன்று அங்கே காலை, பலேர்மோவில் பின்னேரம். சுவாமியும் கத்தரீனாவும் வந்து சோபாவில் இருந்தார்கள். விமலராணி கறுப்பு உடுப்பை மாற்றி நிறச்சட்டை போட்டுக்கொண்டாள். படம் தெரிந்த உடனே பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று. போன் அடித்தது. வெயிலில் கறுத்து, மயிரைக் குட்டையாக வெட்டியிருந்த மொனிகா திரைமுழுக்கச் சிரித்தாள். பின்னால் உயர்ந்த கட்டடங்களும் அவற்றுக்கு மேலே பச்சை மலையும் தெரிந்தன.

"அம்மா! மலை தெரியுதே? மேலை மழை, கீழை வெயில், பாருங்கோ. அப்பாவைக் கூப்பிடுங்கோ, அவருக்குத்தான் காட்டோணும்."

"நீ கப்பலிலையோ நிக்கிறாய்? இறங்கேல்லையோ பிள்ளை?"

"எல்லாரும் போயிட்டினம். நானும் குசினிக்காரர் ஒராளும்தான் நிக்கிறம்."

"நீயும் இறங்கு. இறங்கி எங்கையாவது ஒரு இடத்திலை இரு. நான் உன்னோடை கதைக்கோணும்."

மொனிகாவின் சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. "அம்மா, அப்பா சொன்னவர்தானே? எனக்கு அமெரிக்க விசா தரேல்லை. இலங்கைப் பாஸ்போட்தானே. நான் கப்பலாலை இறங்கக் கூடாது. ஏணியடியிலை ஒரு காவல்காரன் நிக்கிறான். மற்றவைக்கு இங்கை நாலு நாள் லீவு, எனக்குக் கப்பல்தான். அப்பா சொல்லீட்டன் எண்டு எழுதினவர். அப்பாட்டைக் குடுங்கோவன்."

விமலராணி திரும்பிச் சுவாமியைப் பார்த்தாள். கத்தரீனா எழுந்து அவள் தோளைப் பிடித்தாள். திரையில் புதிதாக ஒரு கை தெரிந்ததும் மொனிகா, "ஆர் அது? வீட்டிலை ஆர் வந்திருக்கினம்? அப்பா எங்கை?" என்றாள்.

அப்போதுதான் விமலராணி சொன்னாள். பக்குவமாகச் சொல்ல எத்தனையோ வசனம் யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. "அப்பா போயிட்டார் பிள்ளை," என்றாள். "வேலைக்குப் போன இடத்திலை. போன கிழமை."

மொனிகா கத்தவில்லை.

"போன கிழமையோ? அப்ப எனக்கு எழுதினது ஆர்?"

"நான்தான்."

"ராசாத்தி எண்டு எழுதினது?"

"நீ நடுக்கடலிலை தனிய..."

"பெர்கே?" என்றாள் மொனிகா. ஏன், ஏன் என்று இத்தாலியனிலேயே திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகுதான் தமிழ் வந்தது. "இதை ஏன் உங்களிட்டைச் சொல்லேல்லை தெரியுமோ? நீங்கள் என்னை மன்னாருக்குக் கொண்டுபோனதாலைதான் எனக்கு இந்தப் பாஸ்போட். அதைக் கேட்டால் கொம்மா உடைஞ்சுபோவா, நேரம் பாத்து நான் சொல்லுறன் எண்டு அப்பாதான் சொன்னவர். கடலிலையே சொல்லியிருந்தால் கப்டன் அப்பவே அனுமதிக்கு எழுதியிருப்பார் அம்மா. ஒரு கிழமை இருந்திருக்கும்."

படம் அணைந்தது.

அதன்பிறகு சுவாமி போன் அடிக்காத இடமில்லை. கப்டன் நல்ல மனிதர். அன்றைக்கே துறைமுக அதிகாரிகளிடம் போய்க் கேட்டார். சாவு வீட்டுக்கென்று இரக்கம் பார்த்து விடுகிற வழி இருக்கிறதாம். ஆனால் விண்ணப்பித்து மறுமொழி வர ஒரு கிழமையாவது ஆகும். கப்பல் நாலாம் நாள் ஜப்பானுக்குப் புறப்படுகிறது. விமானங்கள் எழும்பி இறங்குவது தளத்தில் நின்றால் தெரியும் என்று மொனிகா கத்தரீனாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். தாய்க்கு எதுவும் அனுப்பவில்லை.

குளிரறையிலும் இனி வைத்திருக்க முடியாது என்றார்கள். கப்பல் துறைக்கு வந்த மூன்றாம் நாள் காலை பெனடிக்ற்றுக்குத் திருப்பலி நடந்தது. கத்தரீனா முன்வரிசையில் நின்று போனைப் பெட்டிக்கு நேரே பிடித்துக்கொண்டாள். ஹொனலூலுவில் அது முந்தின நாள் இரவு. கப்பல் விளக்கின் கீழே, வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு, மொனிகா நேராக நின்றாள். பக்கத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியை மூடமுன் கத்தரீனா போனை அவர் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அந்நேரம் பார்த்துப் படம் உறைந்துவிட்டது. மறுபடி தெளிந்தபோது ஆட்கள் பெட்டியைத் தூக்கிவிட்டிருந்தார்கள். "பொறுங்கோ, பொறுங்கோ, பிள்ளை பாக்கேல்லை," என்று விமலராணி ஓடினாள். திறக்கச் சொல்லிப் பெட்டியை அடித்தாள். ஆணி இறுக்கியாகிவிட்டது.

சேமக்காலையில் மண் போடும்போது அவள் அழவில்லை. அழுகை எல்லாம் எங்கேயோ ஒரு இடத்தில் நின்றுவிட்டதுபோல இருந்தது.

ஜப்பான் விசா மொனிகாவுக்குக் கிடைத்திருந்தது; அங்கே இறங்கி, படிப்பை விட்டுவிட்டு வந்தாள். கல்லூரிக்காரர் அடுத்த வருடம் திரும்பி வரலாம் என்று கடிதம் போட்டார்கள். அவள் பதில் எழுதவில்லை. வந்த அன்று வீட்டுக்கு வராமல் சேமக்காலைக்குப் போனாள், தனியாக. இருட்டுகிற நேரம் வந்து கதவைத் தட்டினாள். விமலராணி இரண்டு கையையும் நீட்டினாள். மகள் அந்தக் கைகளுக்குள் வந்து, மரம்போல நின்று, விட்டதும் அறைக்குள் போனாள்.

சத்தம் சண்டை ஒன்றுமில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள், சாமான் முடிந்தால் வாங்கி வருவாள், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கத் தாயோடு வரிசையில் நிற்பாள். தமிழ் மட்டும் கதைப்பதில்லை. தாய் தமிழில் கேட்பாள், மகள் இத்தாலியனில் மறுமொழி சொல்வாள். "என்னோடை தமிழிலை ஒரு சொல்லுக் கதையன் பிள்ளை," என்று ஒருநாள் கெஞ்சினாள். மொனிகா தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. அந்த மொழியில் யார் எனக்கு எழுதுகிறார்கள் என்று எனக்கு இனித் தெரியாது, என்று இத்தாலியனில் சொன்னாள். கோபத்தோடு சொல்லியிருந்தாலாவது விமலராணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சிஞ்ஞோரா மரீசாவுக்கு ஞாபகம் குறைந்துகொண்டு வருகிறது. மகள் ஹவாய் பார்த்தாளா, அழகான இடமா என்று அடிக்கடி கேட்பார். பார்த்தாள் சிஞ்ஞோரா, மிகவும் அழகாம், என்று சொல்லிவிட்டு விமலராணி அவர் காலைத் துடைப்பாள்.

பெனடிக்ற் பார்த்த வேலைக்கு வேறு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் மொனிகா தானே போய்க் கேட்டு எடுத்துக்கொண்டாள். விமலராணி மன்றாடிப் பார்த்தாள். "அந்தப் படிக்கட்டு வேண்டாம் பிள்ளை. நீ படிச்ச பிள்ளை. கப்பலுக்குத் திரும்பிப் போ." மகள் தகப்பனுடைய றப்பர் சப்பாத்தைக் காலில் போட்டுப் பார்த்தாள். பெரிதாக இருந்தது. நுனியில் துணியை அடைத்துக்கொண்டாள்.

இப்போது காலையில் இரண்டு பேரும் பிரான்காச்சோவில் ஒரே பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். மொனிகா முன்னுக்குப் போய் நிற்பாள். விமலராணி பின்னுக்கு இருந்து, சனத்துக்கிடையில் அந்தக் குட்டை மயிர்த் தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவாள். லிபெர்த்தாவில் இறங்கியதும் மகள் தெருவைக் கடந்து அந்தக் கட்டடத்துக்குள் நுழைவாள். மேல்மாடியிலிருந்து துடைத்துக்கொண்டு இறங்க வேண்டும். தாய் சிஞ்ஞோராவின் வீட்டு மணியை அடித்துவிட்டு, கதவு திறக்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள்.