அம்மன் காலடியில் என் பொலிஸ் ரிப்போர்ட்

வெளிநாட்டு வேலை விசா என்றால் எல்லாரும் கொழும்புக்கு ஓடுவார்கள். நான் ஓடியது ஹுன்னஸ்கிரியவுக்கு, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு. கண்டியில் ஆறு வருடம் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, நியூசிலாந்துக் கம்பெனி ஒன்று வேலை தந்து விசாவுக்கும் பொறுப்பேற்றிருந்தது. எல்லாம் அனுப்பியாயிற்று, என் பேரில் குற்றம் எதுவும் இல்லை என்கிற பொலிஸ் ரிப்போர்ட் மட்டும் பாக்கி. போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, அவர்கள் நேரம் மாலை ஐந்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும். நமக்கு அது காலை பத்தரை. தவறினால் கையில் இருப்பதை வைத்தே முடிவெடுப்போம் என்று எழுதியிருந்தார்கள். அது என்ன முடிவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

தவறு என்னுடையதுதான். அடையாள அட்டையில் இருந்த தோட்ட முகவரியையே விண்ணப்பத்திலும் கொடுத்துவிட்டேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் எங்கள் லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. கடிதங்கள் தோட்ட ஆபீசுக்குப் போய், கிளாக்கர் கைவழியாகத்தான் வீடு வரும். செவ்வாய்க்கிழமை இரவு அம்மா போனில், "ஒன் கடுதாசி வந்திருச்சு பாப்பா, பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். பத்திரம் என்றால் அலுமாரி என்று நினைத்துக்கொண்டேன். வேலை மும்முரத்தில் கடைசி நாள் வரை இழுத்தேன். என்ன புத்தியோ!

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் காலை ஐந்தேகாலுக்கு மஹியங்கனை பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்றெழுபது ரூபாய், தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஜன்னலோரம் கிடைத்தால் தெல்தெனிய தாண்டி விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்க்கலாம். நான் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறே முக்காலுக்கு ஹுன்னஸ்கிரியவில் இறங்கி, தோட்டத்துக்கு ஒரு த்ரீவீல் பிடித்தேன். ஐந்து கிலோமீட்டர், பாதை முழுக்கக் குழி. போக வர, காத்திருக்க என்று ஆயிரத்தைந்நூறு பேசினோம்.

ஏழு பத்துக்கு வீட்டில் நின்று கையை நீட்டினேன். அம்மா சாவகாசமாகச் சிரித்தார்.

"கோயில்ல இருக்கு பாப்பா. ஆத்தா காலடியில வச்சிருக்கு. இன்னிக்கு அந்திப் பூசையில அர்ச்சன பண்ணி எடுத்துக்கலாம்."

எங்கள் தோட்டத்துக் கோயில் செவ்வாயும் வெள்ளியும், அதுவும் மாலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். சாவி பூசாரி மாரிமுத்து அண்ணன் இடுப்பில். அவர் பகலில் தோட்டத் தொழிலாளி. அன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் மருந்தடிக்கிறார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "ஒங்கள யாரும்மா அங்க வைக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "அந்தத் தோட்ட ஆபீஸ்லருந்து நமக்கு நல்லதா ஒரு கடுதாசி எப்ப வந்திருக்கு சொல்லு? மொத மொதலா வந்திருக்கேன்னு ஆத்தாகிட்ட குடுத்தேன்."

அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது? மலை ஏறினேன்.

இரண்டு கிலோமீட்டர் செங்குத்து ஏற்றம், நாற்பது நிமிடம், காலில் நாலு அட்டை. மாரிமுத்து அண்ணன் விசயத்தைக் கேட்டதும் மருந்து டாங்கியை முதுகிலிருந்து இறக்கினார். "ஐயோ, விசா கடுதாசியா அது? ஏதோ பேங்கு கடுதாசின்னுல்ல நெனச்சேன்!" வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த கங்காணி மறுபேச்சில்லாமல் அனுப்பிவைத்தார். இருவரும் ஓட்டமும் நடையுமாகக் கீழே வந்தபோது எட்டு நாற்பது.

கோயில் வாசலில் அண்ணன் நின்றுவிட்டார். "மருந்தடிச்ச ஒடம்போட உள்ள போகக்கூடாது தங்கச்சி. ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துர்றேன்."

"அண்ணே, கால்ல விழுறேன், சீக்கிரம்!"

மலையிலிருந்து குழாய்போல் விழும் பீலித் தண்ணீரில் அவர் குளித்த பத்து நிமிடமும் எனக்குப் பத்து மாதம். ஈர வேட்டியோடு வந்து கதவைத் திறந்து, அவசரத்திலும் சூடம் காட்டித்தான் உறையை எடுத்தார். மூலையில் கொஞ்சம் மஞ்சள், ஒரு குங்குமப் பொட்டு. உள்ளே ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது. அம்மா உறையைப் பிரிக்காமல் வைத்ததற்கு அந்த ஒரு நொடியில் கோடி நன்றி சொன்னேன்.

தோட்டத்தில் போன் பேசலாம், ஆனால் எதையும் ஏற்றுமளவுக்கு இணையம் கிடையாது. த்ரீவீல்கார அண்ணன் அந்தக் குழிப் பாதையில் பறந்தார். "புடிச்சுக்குங்க தங்கச்சி, ஒங்களோட சேந்து நானும் நியூசிலாந்து போயிருவேன் போல!" டவுனில் வண்டிக்குள்ளேயே மடியில் வைத்து ஸ்கேன் எடுத்தேன். முதல் தடவை ஏறவில்லை. இரண்டாம் தடவை பாதியில் நின்றது. மூன்றாம் தடவை, பத்து மணி ஏழு நிமிடத்துக்கு, 'கிடைத்தது' என்று பதில் வந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடை முதலாளி எழுந்தே வந்துவிட்டார். அவர் தந்த பிளேன்டீக்குக் காசு வாங்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் விசா வந்தது. மூன்று வருடத்துக்கு! கண்டி ஆபீசில் கதிரையில் உட்கார முடியாமல் துள்ளினேன்.

இதே வழியில் போகிறவர்களுக்கு: தோட்டத்து முகவரி உங்களுடையது என்றால், கடிதம் வர மட்டும் டவுனில் நம்பிக்கையான ஒருவர் முகவரியைக் கொடுக்க முடியுமா என்று முதலிலேயே விசாரியுங்கள். கடைசித் திகதியை உடனே நம் நேரத்துக்கு மாற்றி எழுதி வையுங்கள். 'பத்திரமா இருக்கு' என்று வீட்டில் சொன்னால், எங்கே என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஏழாம் நம்பர் மலைக்கு நல்ல சப்பாத்து வேண்டும்.

புறப்படும் முன் விசாவைப் பிரிண்ட் எடுத்து, நானே ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனேன். ஆத்தாதான் விசா வாங்கித் தந்ததாக அம்மா அதற்குள் லயம் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். நான் மறுக்கவில்லை. மாரிமுத்து அண்ணன் தட்டை ஏந்திக்கொண்டு, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்றார். அம்மா இரண்டையும் சொல்லிவிட்டு, கம்பெனி எனக்குப் பார்த்து வைத்திருக்கும் வாடகை வீட்டு முகவரியையும், எப்போது மனப்பாடம் செய்தாரோ, தட்டுத்தடுமாறி முழுதாகச் சொன்னார்.

"அதெல்லாம் அர்ச்சனைக்கு வேணாம்க்கா" என்றார் அண்ணன்.

"நீங்க சொல்லுங்க. ஆத்தா தேடிப் போகணும்ல. எம்புள்ள வீட்டுக்கு இப்ப நம்பர் இருக்கு, பன்னெண்டு."

மணியை ஆட்டிக்கொண்டே, அண்ணன் அதையும் சத்தமாகச் சொன்னார்.