சின்ன ரயிலில் ஆள் ஏறாத ஞாயிறு

நேற்றுச் சந்தையில் லீக்ஸ் வாங்கினேன். கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பழைய பத்திரிகைத் தாளை வீட்டில் பிரித்தால், எங்கள் ரயில் சந்தியின் சிக்னல் கேபினின் படம். கண்ணாடிகள் உடைந்து, கூரையில் புல் முளைத்து நிற்கிறது. கீழே யாரோ ஒரு மேதை எழுதியிருக்கிறார்: 'தோட்ட மக்கள் ரயில் பயணத்தில் ஆர்வம் காட்டாததால் இந்தச் சந்தி கைவிடப்பட்டது.' ஆர்வம்! அந்தத் தாள் லீக்ஸ் சுற்றத்தான் லாயக்கு.

லீக்ஸின் அந்த வெங்காய வாசனை என்றாலே எனக்கு அந்தச் சின்ன ரயில்தான். இலங்கை மலைநாட்டில் நானுஓயாவுக்கும் பட்டிப்பொலவுக்கும் நடுவே, பெரிய பாதையிலிருந்து ஒரு குறுகிய பாதை பிரிந்து தோட்டங்களுக்குள் ஏறியது. மேலே அரிசியும் உரமும் போகும். கீழே தேயிலைப் பெட்டிகளும் மரக்கறியும் வரும். கடைசியில் மனிதர்களுக்கென்று ஒரே ஒரு பெட்டி. அதற்குள் ஈரச் சாக்கும் மண்ணெண்ணெயும் லீக்ஸும் கலந்த ஒரு நெடி. ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்தச் சந்தியில் டிக்கெட் கிளார்க். டிக்கெட்டுகளை எண் வரிசை பிசகாமல் அடுக்கி வைப்பதில் எனக்கு நிகர் இல்லை. வாங்கத்தான் ஆள் இல்லை.

ஏன் இல்லை என்பதைக் கேளுங்கள். காலை ரயில் புறப்படுவது பெரட்டு நேரத்தில்; தோட்டத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் அதே நேரத்தில். மாலை ரயில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில். பெயர் கொடுக்காமலும் கொழுந்தைக் கொட்டாமலும் வருகிறவர் மட்டுமே அதில் போக முடியும். அப்படிப்பட்டவரைத் தோட்டத்தில் வைத்திருக்க மாட்டார்கள். கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அந்த அட்டவணையைப் போட்டவருக்கு, தேயிலை என்றால் கோப்பையில் இருப்பது என்றுதான் தெரியும்.

கேபினில் இருந்தவர் முத்தையா. லீவரை வெறுங்கையால் தொட விடமாட்டார். வியர்வை பட்டால் துருப்பிடிக்குமாம். ஒருநாள் தெரியாமல் கை வைத்து விட்டேன். "கிளார்க்கையா, நீங்க போய் ஒங்க டிக்கெட்டத் தொடைங்க" என்றார். கேபினுக்குப் பின்னால் இருந்த கோட்டர்ஸில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு குடியிருந்தார். பிரஜாவுரிமைக்குப் போட்ட விண்ணப்பம் அந்த வருடம்தான் நிராகரிக்கப்பட்டிருந்தது. அந்த மண்ணிலேயே பிறந்தவரிடம், பிறந்ததற்கு அத்தாட்சி போதாது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த நிலையில், சின்ன ரயிலில் ஆள் ஏறுகிறதா என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு துரை வருவதாகச் செய்தி வந்தது. ஆள் இல்லையென்றால் சந்திக்கு மூடுவிழா.

"மூடிட்டா ஒங்களுக்கு வேற ஸ்டேசன் கெடைக்கும். பிரஜாவுரிமை இல்லாத எனக்கு யாரு குடுப்பா? கோட்டர்ஸும் போயிரும்" என்றார் முத்தையா.

ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். கவலைப்படுவதைக்கூட இன்னொருவர் தலையில் கட்டிவிடும் திறமைசாலி. "என்ன காணும் முத்தையா, உம்மட சனத்தைக் கொண்டுவந்து ஏத்தும். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

துரை வந்தது ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாள். முத்தையா ஒரு வாரமாக வேலை முடிந்து தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கியிருந்தார். அவர் உழைப்பு வீண் போகவில்லை. பனி விலகும்போது பார்க்கிறேன்: கோட்டுப் போட்ட கங்காணி முன்னால் வர, தலைப்பாகைகளும் கலர் சேலைகளுமாகத் தண்டவாளம் நெடுக ஜனம். என் உத்தியோகத்தில் முதல்முறையாக டிக்கெட் அலமாரி காலியானது. மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

துரை, பெட்டியின் வாசலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வெள்ளைக்காரர் போய்விட்டார், அவருடைய தொப்பி மட்டும் போகாமல் இவர் தலையில் ஏறியிருந்தது. அந்தத் தொப்பியைக் கண்டதும் கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான். தோட்டத்து ரோட்டில் துரை எதிரே வந்தால் என்ன செய்வார்களோ, அதையே எல்லோரும் செய்தார்கள். பிளாட்பாரத்தை விட்டு இறங்கி, தண்ணீர் ஓடும் கானோரம் ஒதுங்கிக் கைகட்டி நின்றார்கள்.

"ஏறுங்கோ! ஏறுங்கோ!" மாஸ்டர் கத்தினார்.

"தொர மொதல்ல ஏறட்டும் சாமி. அவுக நிக்கையில நாங்க எப்புடி?" என்றார் கங்காணி.

துரை ஏற வந்தவரில்லை, எண்ண வந்தவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேபின் ஜன்னலில் முத்தையாவின் தலை தெரிந்தது.

"ஏறுங்கய்யா! அது தோட்டத்துத் தொர இல்ல, ரயில் தொர!"

"எந்தத் தொரயா இருந்தா என்னா, தொர தானே" என்றது கானோரத்தில் ஒரு பெண்குரல். சிலர் சிரித்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

ரயில் புறப்பட முடியாதபடி முத்தையா சிக்னலை இறக்காமல் வைத்திருந்தார். அவர் கையில் இருந்தது அது ஒன்றுதான். துரை நிமிர்ந்து கேபினைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரு அதட்டல் போட்டார். மாஸ்டர் உடனே, அந்த அதட்டலைத் தமிழில் இரண்டு மடங்காக்கி மேலே அனுப்பினார்.

சிக்னல் கை இறங்கியது. முத்தையாவே லீவரை இழுத்து, வெறும் பெட்டியை வழியனுப்பி வைத்தார்.

"கவுருத் நேனே" என்றார் துரை. யாருமே இல்லையே என்று அர்த்தம். கானில் அத்தனை பேர் நிற்கிறார்கள். இவர் கண்ணுக்கு யாருமே இல்லை! பிறகு மாஸ்டர் வீட்டில் டீ குடிக்கப் போனார். அவர் மறைந்ததும் எல்லோரும் பிளாட்பாரத்தில் ஏறி வந்தார்கள். கங்காணி டிக்கெட்டை என்னிடம் நீட்டிக் கேட்டார்: "நாங்க எப்ப சாமி ஏறுறது?"

மூன்று மாதத்தில் சின்ன ரயிலின் தண்டவாளத்தைக் கழற்றினார்கள். மாஸ்டருக்குப் பெரிய ஸ்டேஷன் கிடைத்தது. எனக்கு ஹட்டன். கேபின் கதவில் குறுக்குப் பலகை அடித்தார்கள். முத்தையா மைத்துனரின் லயத்து அறையில் ஒண்டிக்கொண்டு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கப் போனார். லீவரைத் துணி சுற்றிப் பிடித்த கை அது.

அறுபதுகளில் இலங்கையும் இந்தியாவும் உட்கார்ந்து மனிதர்களைப் பங்கு பிரித்தபின், அவர் இந்தியா போகிற நாளும் வந்தது. சந்தியில் ரயில் நிற்பதில்லை. அடுத்த ஸ்டேஷனுக்குப் பெட்டி படுக்கையோடு நடந்திருக்கிறார்கள். நான் அன்று ஹட்டன் பிளாட்பாரத்தில் நின்றேன். அந்த ரயிலில் கால் வைக்க இடமில்லை. போகிறவர்களும் பாதிவழிவரை கூடப் போகிறவர்களுமாக, ஜன்னலெல்லாம் தலைகள், வாசலெல்லாம் மூட்டைகள். முத்தையாவைத் தேடினேன், அந்த நெரிசலில் முகம் அகப்படவில்லை. எந்தத் துரையும் ஆள் எண்ண வரவில்லை.