முழுப் பிள்ளையாத் தாங்க, அண்ணாச்சி

எங்கள் அம்மா சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவர்களைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாக எழுதும்படி அப்பா சொன்னார்கள். அம்மாவுக்குப் புகழ்ச்சி பிடிக்காது என்று தொடங்கினால் அது பொய், நன்றாகவே பிடிக்கும். அளவு மீறினால் மட்டும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள். ஆகவே உள்ளபடியே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது வள்ளியூரில், ஐந்து பெண்களில் மூன்றாவதாக. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பாளையங்கோட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். நான் ஒரே பிள்ளை. பிறக்கும்போதே மூச்சுத் திணறி, மூளை முடக்குவாதத்தோடு வந்தவள். கழுத்து நிற்க ஒன்றரை வயது, உட்கார நாலு வயது ஆயிற்று. பதினோரு வயது வரை அம்மாவின் இடுப்புதான் எனக்கு வண்டி. சக்கர நாற்காலி வாங்கலாமே என்று யாராவது சொன்னால், "அதுல உக்கார வச்சா அப்புறம் எங்கன நடப்பா?" என்று எரிந்து விழுவார்கள். காட்டாத வைத்தியர் இல்லை, தேய்க்காத எண்ணெய் இல்லை. ஆண்டுதோறும் கோயில் வாசலில் வெள்ளித் தகட்டுக் கால் ஒன்றை வாங்கி, என் தலையைச் சுற்றி உண்டியலில் போடுவார்கள். வைத்தியர்கள், சாமி, அம்மா, எல்லோரும் என் காலைத்தான் பார்த்தார்கள். இதை எழுத எனக்குச் சங்கடமில்லை. இதைவிடக் கடுமையாக அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பதினோரு வயதானபோது, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் இரண்டு காலிலும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். ஒரு வருடம் மாவுக்கட்டும் பயிற்சியுமாக வீட்டில் கிடக்க வேண்டும். பிறகு ஊன்றுகோலோடு கொஞ்சம் நடக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அம்மாவுக்கு அந்தக் 'கொஞ்சம்' போதுமாக இருந்தது. எனக்கு அடிக்கடி காய்ச்சல் வந்ததால், அதை முதலில் உள்ளூர்க் குழந்தை மருத்துவரிடம் காட்டி வரச் சொன்னார்கள்.

அந்த மருத்துவர் அம்மையார் என் காலைத் தொடவே இல்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளியில் யார் பக்கத்தில் உட்காருவாய், மத்தியானம் என்ன சாப்பிடுவாய் என்று கதை கேட்டார். என் பேச்சு குழறும். அம்மா எடுத்துச் சொல்ல வந்தபோதெல்லாம் கையமர்த்தினார்.

"பள்ளிக்கூடத்துல தண்ணி குடிப்பியாம்மா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"ஒண்ணுக்கு வந்தா யாரு தூக்கிட்டுப் போவா? கக்கூஸ் படி ஏற முடியாதுல்லா."

சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் வருடக்கணக்காக இருந்திருக்கிறேன். காய்ச்சலெல்லாம் சிறுநீர்த் தொற்றால் வந்தவை.

"ஏட்டி, இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"நீ காலப் பத்தித்தானம்மா கேப்ப."

அம்மா அங்கேயே அழுதுவிட்டார்கள். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. கண், காது, பேச்சு, உட்காரும் முறை பார்ப்பவர்களை இன்னொரு நாள் ஒன்றாக வரவழைத்து, எங்களையும் கூட வைத்துக்கொண்டு பேசினார். எனக்குக் கண்ணாடி வேண்டும் என்பதே அன்றுதான் தெரிந்தது. அறுவை சிகிச்சை தவறில்லை, தள்ளியும் வைக்கலாம் என்று சொல்லி, "பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மா கேட்டார்கள். "எனக்கு ஆப்பரேசன் வேண்டாம்மா. சக்கர வண்டி வாங்கித் தா, பள்ளிக்கூடம் போணும்" என்றேன். இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், வரவில்லை என்று மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டார்கள். வண்டி வந்தது. கழிப்பறைப் படியைச் சரிவாகப் பூசும்வரை அம்மா தலைமையாசிரியரை விடவில்லை.

அந்த வருடமும் கோயிலுக்குப் போனோம்.

"காலுதானம்மா?" என்று கடைக்காரர் எடுத்து நீட்டினார்.

"வேண்டாம். முழுப் பிள்ளையாத் தாங்க, அண்ணாச்சி."

"எங்கன நோவுன்னு சாமிக்குத் தெரியாண்டாமா?"

"நோவு மட்டுமா எம்பிள்ள?"

நான் படித்தேன், இன்று ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆனால் கல்யாண வீடுகளில், நடக்க வேண்டிய பிள்ளையைப் பெற்றவளே முடக்கிப் போட்டாள் என்ற பேச்சு ஓயவில்லை. பேசியவர்கள் சிலர் கையிலும் இந்த மலர் இருக்கும். அம்மா எப்போதும், "ஆமா, எனக்குத்தான் மனசு வரல" என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள்.

நுரையீரல் நோயோடு படுத்திருந்த கடைசி நாட்களில், "பண்ணிருந்தா நடந்திருப்பியோட்டி?" என்று கேட்டார்கள். "நடந்திருக்கலாம், தெரியாதும்மா" என்றேன். அந்த முடிவுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அப்போது வாய் வரவில்லை.

அந்த மருத்துவருக்கும், எனக்குப் பேச்சுப் பயிற்சி தந்த சகோதரிக்கும், வண்டியோடு என்னைத் தூக்கி ஏற்றிய ஆட்டோ அண்ணனுக்கும், அம்மா படுத்திருந்தபோது வீடு தேடிச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உறவினர்களுக்கு நன்றியோடு ஒரு செய்தியும் உண்டு. அம்மாவுக்கு மனசு வராமல் இல்லை, நாளே குறித்திருந்தார்கள். வேண்டாம் என்றவள் நான். பதினோரு வயதுப் பிள்ளையை யாரும் ஏசிவிடக் கூடாதென்று, அந்தப் பேச்சையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் இருக்கும்போதே இதை உங்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மகள்